50 புத்தகமா, 10 பக்கமா? புத்தாண்டு வாசிப்புத் தீர்மானத்துக்கு திருமழிசை சொல்லும் கணக்கு!

ஜனவரி 1 அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தள்ளிக்கொண்டே போனால் மூன்று தீர்மானங்கள் கட்டாயம் கண்ணில் படும். ஒன்று, நடைப்பயிற்சி. இரண்டு, சேமிப்பு. மூன்று, 'இந்த வருஷம் 50 புத்தகம்'. கூடவே, மேஜையில் அடுக்கிவைத்த புதுப் புத்தகங்களின் போட்டோ.

பொங்கல் விடுமுறை வரை எல்லாம் ஜோராகப் போகும். பிப்ரவரியில் அலுவலகத்தில் வேலை கூடும், பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கும். இரண்டாவது புத்தகத்தின் 60-வது பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகப்படும். அந்த டிக்கெட் அடுத்த டிசம்பர் வரை அதே இடத்திலேயே இருக்கும்.

புத்தகம் நின்றுபோனதில் பெரிய நஷ்டம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், 'நமக்கெல்லாம் வாசிப்பு சரிப்பட்டு வராது' என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாரே, நஷ்டம் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் குறை வாசகரிடம் இல்லை, அவர் போட்ட கணக்கில் இருக்கிறது. சரியான கணக்கு எது என்பதற்கு, சென்னையின் மேற்கு எல்லையில் இருக்கும் ஓர் ஊர் பல நூற்றாண்டுகளாக விடை வைத்திருக்கிறது.

லாரிகள் பறக்கும் ஊரில் ஓர் அந்தாதி

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வருவது திருமழிசை. திருவள்ளூர் மாவட்டத்தின் பேரூராட்சிகளில் ஒன்று. சிட்கோ தொழிற்பேட்டை, கன்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிலாளர்கள் என எப்போதும் பரபரப்பாக இருக்கும் ஊர். 2020 மே மாதம், கொரோனா காலத்தில், கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கே இடம்மாறியபோது தமிழ்நாடு முழுக்க இந்த ஊரின் பெயர் செய்திகளில் அடிபட்டது.

அதற்கெல்லாம் முன்பே இந்த ஊருக்கு ஓர் அடையாளம் உண்டு. பன்னிரு ஆழ்வார்களில் ஒருவரான திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இது. அவர் எழுதியவை இரண்டு நூல்கள். 96 பாசுரங்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதி, 120 பாசுரங்கள் கொண்ட திருச்சந்த விருத்தம்.

இவை இரண்டும் இடம்பெற்றிருக்கும் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தை வைணவக் கோயில்களில் ஓதி முடிக்கும் காலம், மார்கழியில் வரும் அத்யயன உற்சவம். அதாவது, நாமெல்லாம் புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கிற அதே டிசம்பர் - ஜனவரி நாள்கள். பக்தியைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, இதை ஒரு வாசிப்புத் திட்டமாக மட்டும் பாருங்கள்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய 10 நாள்கள் பகல் பத்து. ஏகாதசியில் தொடங்கும் 10 நாள்கள் இராப் பத்து. நிறைவாக இயற்பா. மொத்தம் 21 நாள்களில் 4,000 பாசுரங்கள். சராசரி பார்த்தால் ஒரு நாளைக்கு 190. தனியாக ஒருவர் உட்கார்ந்தால் மலைத்துவிடுவார். ஆனால், எந்த நாளில் எந்தப் பகுதி என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. 1,102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி, இராப் பத்தில் ஒரு நாளைக்கு 'ஒரு பத்து' என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. திருச்சந்த விருத்தத்துக்குப் பகல் பத்தில் இடம். நான்முகன் திருவந்தாதி இயற்பாவில் வரும்.

'இன்று எவ்வளவு, எங்கே, யாரோடு?' என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்பே பதில் இருக்கிறது. 'நேரம் கிடைத்தால் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைவிடச் சிறிய திட்டமும் மார்கழியில் உண்டு. ஆண்டாளின் திருப்பாவை. 30 பாசுரங்கள், நாளுக்கு ஒன்று. காலண்டரே புத்தக அடையாளமாகிவிடுகிறது. மார்கழி 29 நாளில் முடிகிற வருடத்தில் ஒரு நாள் இரண்டைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

எண்ண வேண்டியது எதை?

இப்போது '50 புத்தகம்' தீர்மானத்துக்கு வருவோம். ஒரு புத்தகம் 200 பக்கம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10,000 பக்கங்கள். ஒரு நாளைக்கு 27 பக்கங்களுக்கு மேல். பக்கத்துக்கு 2 நிமிடம் என்றாலும் தினமும் ஏறத்தாழ 55 நிமிடங்கள். வேலை, சமையல், பயணம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் போக, தினமும் ஒரு மணி நேரம் யாருக்கு மிச்சம் இருக்கிறது? ஜனவரி 1 காலையில் இந்தப் பெருக்கலை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 பக்கம், 20 நிமிடம். வருடக் கடைசியில் 3,650 பக்கங்கள். அதாவது, 200 பக்கப் புத்தகங்கள் 18. 'பத்துப் பக்கம்தானே' என்று தொடங்கியவருக்கு 18 புத்தகங்கள் என்பது சாதாரணம் அல்ல.

புத்தக எண்ணிக்கையை இலக்காக்கும் வழக்கம் இணையத்தில் பரவியதற்கு 'குட்ரீட்ஸ்' தளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு, படித்து முடிக்க முடிக்கக் கணக்கு ஏறுவதைப் பார்க்கலாம். உற்சாகம் தரும் ஏற்பாடுதான். ஆனால், எண்ணிக்கை பின்தங்கினால் கை தானாகவே மெலிந்த புத்தகத்தைத் தேடும். 800 பக்க நாவலும் ஒன்றுதான், 80 பக்கக் குறுநாவலும் ஒன்றுதான் என்றால், யார் 800 பக்கத்தைத் தொடுவார்கள்?

இதற்கு மாற்றாக, தமிழ் இலக்கிய வாசகர்களிடையே சில ஆண்டுகளுக்கு முன் 'ஆயிரம் மணி நேர வாசிப்பு' என்ற சவால் பரவலாகப் பேசப்பட்டது. இங்கே கணக்கு நேரத்தில். எவ்வளவு தடித்த புத்தகமானாலும் அதோடு செலவிட்ட ஒவ்வொரு மணியும் சேரும். ஆனால், ஒரே ஆண்டில் 1,000 மணி நேரம் என்றால் தினமும் சுமார் 2 மணி 44 நிமிடங்கள் வேண்டும். தீவிர வாசகருக்குச் சரி. புதிதாகத் தொடங்குபவர் 100 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். தினமும் 16 அல்லது 17 நிமிடங்கள்தான்.

293 அத்தியாயம், 72 நாள் விடுமுறை!

பாசுரக் கணக்கை நாவலுக்கும் பொருத்தலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள். பார்த்தாலே பயம் தரும் தடிமன். ஆனால், 1950 முதல் 1954 வரை அது வார இதழில் தொடராகத்தான் வந்தது. அன்றைய வாசகர்கள் யாரும் மொத்தமாக அதை விழுங்கவில்லை. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார்கள், அக்கம்பக்கத்தில் பேசினார்கள், அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். தொடர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். ஜனவரி 1-ல் தொடங்கி நாளுக்கு ஓர் அத்தியாயம் என்றால் அக்டோபர் 20 அன்று முடிந்துவிடும். டிசம்பர் 31 வரை இழுக்கலாம் என்றால், இடையில் 72 நாள்கள் படிக்காமல் விடலாம். காய்ச்சல், கல்யாணம், தேர்வு, ஊர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

திருக்குறளுக்கும் இதே வழிதான். 1,330 குறள்களை நாளுக்கு 4 என்று பிரித்தால் 333 நாள்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 133 நாள்கள், மே மாதம் 13-ம் தேதி முடிந்துவிடும். திருமழிசை ஆழ்வாரின் இரண்டு நூல்களையும் நாளுக்கு ஒரு பாசுரம் என்று உரையோடு படித்தால் 216 நாள்கள், ஆகஸ்ட் 4.

முடியும் தேதி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நின்ற இடத்தைக் காட்டிய நெல்மணி

அந்தாதி என்பது என்ன? ஒரு பாட்டின் முடிவு, அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது. மனப்பாடம் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. இன்று எங்கே முடித்தோம் என்பது தெரிந்தால், நாளை எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்றைய வாசகரும் இதைக் கடன் வாங்கலாம். புத்தகத்தை மூடும்போது, நின்ற இடத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவைத்துவிடுவது. 'வந்தியத்தேவன் இப்போது எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான்' என்பது போல ஒரு வரி. மூன்று நாள் இடைவெளி விழுந்தாலும், 'எதுவரை படித்தோம்' என்று பின்னால் புரட்ட வேண்டியதில்லை. பாதியில் நின்ற புத்தகத்தை மறுபடி எடுக்கத் தயங்குவதற்கு, கதை மறந்துபோனதும் ஒரு முக்கியக் காரணம்.

இந்த இடத்தில் திருமழிசை ஆழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் ஒரு கதையைக் கேட்க வேண்டும். அவரை வளர்த்தது பிரம்பு வேலை செய்து பிழைத்த தம்பதி என்பது மரபு. ஒருமுறை பெரும்புலியூர் என்ற ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில் சிலர் வேதம் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆழ்வார் வருவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அவர் காதில் வேதம் விழக் கூடாதாம். புரிந்துகொண்டு அவர் விலகிப் போனார். அவர்கள் மறுபடி ஓதத் தொடங்கினால், எங்கே நிறுத்தினோம் என்பது யாருக்குமே நினைவில்லை.

ஆழ்வார் ஒன்றும் பேசவில்லை. ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். அவர்கள் விட்ட வாக்கியம் அப்படியொரு நெல்லைப் பற்றியது. சட்டென்று நினைவு வந்தது. யாருக்குக் கேட்கக் கூடாது என்று நிறுத்தினார்களோ, அவருக்குத்தான் அந்த வரி தெரிந்திருந்தது. வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்கள் என்று முடிகிறது கதை.

நடந்ததா, இல்லையா என்ற ஆராய்ச்சி ஒருபக்கம் இருக்கட்டும். படிப்பதற்கும் கேட்பதற்கும் வேலி போட்டிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை இந்தக் கதை மறைக்காமல் சொல்கிறது. இன்று அந்த வேலி சட்டத்தில் இல்லை. எவரும் எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம். அப்படிக் கிடைத்த உரிமை, பிப்ரவரியில் செருகிய ஒரு பஸ் டிக்கெட்டோடு நின்றுவிடலாமா?

ஒரு நாள் விட்டால் என்ன ஆகும்?

'அய்யோ, நேற்று படிக்கவில்லையே' என்ற குற்ற உணர்வுதான் பல தீர்மானங்களைக் கவிழ்க்கிறது. இதற்கு ஆறுதலான ஆய்வு ஒன்று உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார்கள். உணவு, குடிநீர், உடற்பயிற்சி தொடர்பான ஒரு புதுப் பழக்கத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சூழலில் செய்ய வேண்டும். அது தன்னிச்சையான பழக்கமாக மாற ஆன காலத்தின் இடைநிலை அளவு 66 நாள்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது.

முக்கியமான செய்தி இதுதான்: இடையில் ஒரு நாள் தவறியது, பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஆய்வு வாசிப்பைப் பற்றியது அல்ல என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும். ஜனவரி 1-லிருந்து 66-வது நாள் மார்ச் 7. பலருடைய தீர்மானம் அதற்கு முன்பே உயிரை விட்டுவிடுகிறது. எனவே, முதல் இலக்கை டிசம்பர் 31-க்கு வைக்காமல் மார்ச் முதல் வாரத்துக்கு வையுங்கள். அதுவரை ஒரே நேரம், ஒரே இடம். பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாக இருக்கலாம். குக்கர் மூன்று விசில் அடிக்கும் இடைவெளியாக இருக்கலாம். படுக்கும் முன் 15 நிமிடமாக இருக்கலாம்.

வீட்டில் யாருக்கு நேரமே இல்லை?

பல வீடுகளில் நடக்கும் ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அப்பா 24 புத்தகம் என்று இலக்கு வைப்பார். பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரப்படும். தாத்தா செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார். அம்மாவின் இலக்கு என்ன என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாலும், 'எனக்கெங்கப்பா நேரம்' என்ற பதில்தான் வரும்.

அவருக்குப் புத்தகம் பரிசளிப்பதைவிட 20 நிமிடத்தைப் பரிசளிப்பது நல்லது. இரவு பாத்திரம் கழுவும் பொறுப்பை வாரத்தில் நான்கு நாள் மற்றவர்கள் எடுத்துக்கொண்டால், அந்த நேரம் அவருடையது. 20 நிமிடம், வாரத்துக்கு 4 நாள் என்றால் வருடத்துக்கு 69 மணி நேரத்துக்கு மேல். குடும்பத்தின் வாசிப்பு இலக்கு என்று ஒன்று வைப்பதானால், முதல் வரியாக இதை எழுதலாம்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

'வாங்கக் கட்டுப்படியாகவில்லை' என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து 10 சதவிகிதம் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இதற்கு அடிப்படை, 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம். அதன் பின்னணியில் இருந்தவர் சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் அடங்கும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள். கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால், புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய தேதியே ஒரு நல்ல அலாரம்.

கையில் இருக்கும் போனும் நூலகம்தான். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட 'மதுரைத் திட்டம்', சங்க இலக்கியம் முதல் கல்கியின் நாவல்கள் வரை இலவசமாக இணையத்தில் தருகிறது. ஒரு சின்ன ஏற்பாடு மட்டும் தேவை. எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, படிக்கும் ஆப்பை முதல் திரையில் வைத்து, அந்த 20 நிமிடம் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பொன்னியின் செல்வனுக்கும் ரீல்ஸுக்கும் நடக்கும் போரில் யார் ஜெயிப்பார் என்பது தெரிந்ததுதான்.

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விதி உதவும். 1977-ல் தொடங்கிய இந்தக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டியே வருகிறது. மூட்டை மூட்டையாக வாங்கத் தோன்றும். மார்ச் வரை எத்தனை பக்கம் படிக்கப் போகிறோம் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மட்டும் வாங்கினால் குற்ற உணர்வு அலமாரியில் குந்தாது.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்ற குழப்பத்துக்கு, பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்கம்' குழந்தைகளுக்காகப் பிரித்திருக்கும் நான்கு படிகளைப் பெரியவர்களும் பின்பற்றலாம். நுழை, நட, ஓடு, பற. பல வருடம் விட்டுப்போனவர்கள் நேரே 'பற' என்ற படிக்குத் தாவும்போதுதான் விழுகிறார்கள். சிறுகதையில் நுழையுங்கள், குறுநாவலில் நடங்கள், பிறகு ஓடலாம்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி

திருமழிசை ஆழ்வார் வைணவத்துக்கு வருவதற்கு முன் பௌத்தம், சமணம், சைவம் ஆகியவற்றையும் கற்றார் என்பது மரபு. வருட இலக்கில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். பன்னிரண்டில் ஒன்றாவது, நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும் புத்தகமாகவோ, இதுவரை தொடாத துறையாகவோ இருக்கட்டும். படித்து முடித்த பிறகும் நம் கருத்து மாறாமல் போகலாம். ஆனால், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பது செவிவழிச் செய்தியாக இல்லாமல் நேரடியாகத் தெரிந்திருக்கும்.

ஜனவரி 1 கைநழுவிப் போய்விட்டதா? தமிழர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். இரண்டு வாரத்தில் தை 1 வரும். அதையும் தவறவிட்டால் சித்திரை 1 இருக்கிறது. ஏப்ரல் 14-ல் தொடங்கினாலும் டிசம்பர் 31-க்குள் 262 நாள்கள் கிடைக்கும். நாளுக்கு 10 பக்கம் என்றால் 2,620 பக்கங்கள், 200 பக்கப் புத்தகங்களாக 13.

அதனால், இந்த வருடத் தீர்மானத்தை 'தினமும் 10 பக்கம், இந்த நேரத்தில், இந்த இடத்தில்' என்று ஒரு வரியில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கீழே அம்மாவின் 20 நிமிடம் எந்தெந்த நாள்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.